தைராய்டு கேன்சர் ஆபரேஷன்: பாதியா, முழுசா என்று கட்டியிடம் எப்போது கேட்பது?

கழுத்தில் இரண்டரை செ.மீ. அளவில் ஒரு கட்டி. ஊசி டெஸ்ட் எடுத்தாயிற்று. தைராய்டு கேன்சரில் மிகப் பரவலான பாப்பிலரி வகை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. ஸ்கேனில் நெறிகட்டி எதுவும் தெரியவில்லை. கட்டி தைராய்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஒரு சர்ஜன், "முழுசா எடுத்துடலாம், ஒரே வேலையா முடிஞ்சிடும்" என்கிறார். இன்னொருவர், "கட்டி இருக்கிற பக்கத்தை மட்டும் எடுப்போம், பேத்தாலஜி (திசு ஆய்வு) ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் முடிவு செய்வோம்" என்கிறார். வீட்டில் ஆளுக்கொரு பக்கம் பேசுகிறார்கள். கேன்சர் என்று காதில் விழுந்த பிறகு பாதியை உள்ளே விட்டுவைக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

இரண்டு சர்ஜன்களும் சரியான மருத்துவத்தைத்தான் சொல்கிறார்கள். இந்த அளவுக் கட்டிக்கு இரண்டு வழியையும் உலக வழிகாட்டிகள் ஏற்கின்றன. இருவரும் பிரிகிற இடம் ஒன்றுதான்: கட்டியின் திசுவிடம் எந்தக் கட்டத்தில் கேட்டுவிட்டு முடிவெடுப்பது? ஊசியில் வந்த நான்கு துளி செல்களிடம் கேட்கலாம். அதே செல்களின் மரபணுவிடம் கேட்கலாம். ஆபரேஷன் நடக்கும்போதே ஒரு துண்டை உறையவைத்துக் கேட்கலாம். ஒரு பக்கத்தை எடுத்து, அதை முழுக்க ஆராய்ந்தபின் கேட்கலாம். இந்த நான்கையும் ஒப்பிடுவதற்குத்தான் இந்தக் கட்டுரை. என் நிலையை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். 1 முதல் 4 செ.மீ. வரையிலான, ஸ்கேனில் கெட்ட அறிகுறி எதுவும் இல்லாத கட்டிக்கு நான்காவது வழியே சிறந்தது என்பது என் துணிவு. ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது, சில ஏற்பாடுகள் இல்லாவிட்டால் யாருக்குமே பொருந்தாது.

கேள்வியே எழாத இடங்கள்

கட்டி 4 செ.மீ.க்கு மேல் இருந்தால், தைராய்டைத் தாண்டித் தசைக்குள்ளோ மூச்சுக்குழாய்ப் பக்கமோ போயிருந்தால், கழுத்து நெறிகட்டிகளில் பரவல் தெரிந்தால், நுரையீரலிலோ எலும்பிலோ பரவியிருந்தால், முழுத் தைராய்டையும் எடுப்பதுதான் வழக்கம். மிஞ்சிய கேன்சர் செல்களை அழிக்கப் பின்னால் கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டியிருக்கும். தைராய்டு மிச்சமிருந்தால் அந்த அயோடினை அதுவே இழுத்துக்கொள்ளும். மெடுல்லரி என்ற வேறு வகைத் தைராய்டு கேன்சரும் அப்படியே: முழுத் தைராய்டோடு நடுக்கழுத்து நெறிகட்டிகளும் போக வேண்டும். மெடுல்லரியை ஊசி டெஸ்ட் பல நேரம் கோட்டை விட்டுவிடும். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் கால்சிடோனின் என்ற ஹார்மோனைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மறுகோடியில் 1 செ.மீ.க்குக் குறைந்த பாப்பிலரி கட்டிகள். ஜப்பானில் கோபே நகரத்துக் கூமா மருத்துவமனையில் 1993 முதல் இவற்றை ஆபரேஷன் செய்யாமல் ஸ்கேனில் கண்காணித்து வருகிறார்கள். அக்கிரா மியாவுச்சி முன்வைத்த யோசனை அது. 1,235 பேரைக் கவனித்து 2014ல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், பத்து ஆண்டில் கட்டி 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தது 8 சதவீதம் பேருக்கு. புதிதாக நெறிகட்டிப் பரவல் வந்தது 3.8 சதவீதம் பேருக்கு. அவர்களுக்குப் பிறகு ஆபரேஷன் செய்தபோதும் காலம் கடந்துவிடவில்லை. தெரிந்தெடுத்த நோயாளிகளுக்குக் கத்தியே வேண்டாம் என்ற முடிவு இன்று மருத்துவம் ஏற்ற ஒன்று.

குழப்பமெல்லாம் நடுவில் இருக்கிற 1 முதல் 4 செ.மீ.க்குத்தான்.

பாதிக்கும் முழுசுக்கும் நடுவே என்ன இருக்கிறது

2009ல் வந்த அமெரிக்கத் தைராய்டு சங்க வழிகாட்டி 1 செ.மீ.க்கு மேல் என்றாலே முழுத் தைராய்டையும் எடுக்கச் சொன்னது. அதற்குப் பின்னால் இருந்த முக்கியமான ஆதாரம் 2007ல் வந்த ஒரு பெரிய ஆய்வு. அமெரிக்கத் தேசியக் கேன்சர் தரவுத்தளத்திலிருந்து 52,173 நோயாளிகளை எடுத்துப் பார்த்து, 1 செ.மீ.யும் அதற்கு மேலும் உள்ள கட்டிகளில் முழுசாக எடுத்தவர்கள் கொஞ்சம் நன்றாக இருந்தார்கள் என்று அது சொன்னது. அதே தரவுத்தளத்திலிருந்து 61,775 பேரை எடுத்து 2014ல் இன்னொரு ஆய்வு வந்தது. இம்முறை நோயாளியின் பிற நோய்கள், கட்டி தைராய்டைத் தாண்டியதா, வெட்டிய ஓரத்தில் கேன்சர் மிச்சம் இருந்ததா என்பவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்ததும், 1 முதல் 4 செ.மீ. வரையில் உயிர் வாழ்வதில் இருந்த வேறுபாடு மறைந்துபோனது. அடுத்த ஆண்டே, 2015 வழிகாட்டி இந்த அளவுக்கு இரண்டும் சரி என்று மாற்றி எழுதிற்று. ஜப்பானில் 2 செ.மீ. வரையிலான, பரவாத கட்டிக்கு ஒரு பக்கம் எடுப்பதே நெடுநாள் வழக்கம். 2025ல் வெளியான புதிய அமெரிக்க வழிகாட்டியும் 2 செ.மீ. வரை ஒரு பக்கம் போதும் என்ற திசையில் இன்னும் சாய்ந்திருக்கிறது.

2007க்கும் 2014க்கும் இடையில் நோய் மாறவில்லை. கணக்கில் திசுவின் குணங்கள் உள்ளே வந்தன, விடை மாறியது. கட்டியின் அளவைவிடக் கட்டியின் நடத்தை பெரிது என்பதை எனக்கு இந்த இரண்டு ஆய்வுகளும் சேர்ந்துதான் புரியவைத்தன.

உயிருக்கு வேறுபாடு இல்லையென்றால், எதற்கு வேறுபாடு? தைராய்டின் பின்பக்கத்தில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டியிருக்கின்றன, ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். ரத்தத்தில் கால்சியத்தை நிலைநிறுத்துவது அவற்றின் வேலை. முழுசாக எடுக்கும்போது நான்கும் ஆபத்தில். ஒரு பக்கம் எடுக்கும்போது மற்ற இரண்டும் தொடப்படுவதே இல்லை. நான்கும் நிரந்தரமாகச் செயலிழந்தால் விரல் நுனியும் வாயைச் சுற்றியும் மரத்துப்போவது, தசை இழுத்துக்கொள்வது, வாழ்நாள் முழுக்கக் கால்சியமும் கால்சிட்ரியோல் என்ற வைட்டமின் டி மருந்தும் விழுங்குவது என்று வாழ வேண்டிவரும். அடுத்தது குரல் நரம்பு. பக்கத்துக்கு ஒன்று. ஒன்று அடிபட்டால் குரல் கம்மும். இரண்டும் அடிபட்டால் மூச்சுக்கே இடைஞ்சல், கழுத்தில் துளை போட வேண்டியும் வரலாம். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் இரண்டாவது விபத்து நடக்கவே வழியில்லை.

அனுபவமுள்ள சர்ஜன்களின் கையில் இந்த நிரந்தரப் பாதிப்புகள் நூற்றுக்கு ஒன்றிரண்டு. ஆனால் நாட்டின் எல்லா ஆபரேஷன் தியேட்டர்களையும் சேர்த்தால் படம் வேறு. தென்கொரியாவில் ஸ்கேன் பரவியதால் 2011ல் தைராய்டு கேன்சர் கண்டுபிடிப்பு 1993ல் இருந்ததைப்போல் 15 மடங்கு ஆனது. அங்கே ஆபரேஷன் செய்துகொண்ட 15,000க்கும் மேற்பட்டவர்களின் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்தபோது 11 சதவீதம் பேருக்குப் பாராதைராய்டு குறைபாடு, 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் செயலிழப்பு. நல்லபடியாகப் போகும் நோய்க்கு இது அதிக விலை. அமெரிக்காவில் 2017ல் வந்த ஆய்வொன்று, ஆண்டுக்கு 25க்கு மேல் முழுத் தைராய்டு ஆபரேஷன் செய்யும் சர்ஜன்களிடம் சிக்கல் குறைகிறது என்று கண்டது. உங்கள் சர்ஜனிடம் ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பாதி எடுத்தால் மாத்திரையே வேண்டாம் என்று சொல்லி ஆசை காட்டுவதும் சரியல்ல. மிஞ்சிய பாதி போதாமல் சுமார் ஐந்தில் ஒருவருக்குத் தைராய்டு மாத்திரை தேவைப்படுகிறது. ஆபரேஷனுக்கு முன்பே டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மேல்பக்கம் இருப்பவர்களுக்கும், ஹாஷிமோட்டோ என்ற தைராய்டு அழற்சி உள்ளவர்களுக்கும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

திசுவில் எதைத் தேடுகிறார்கள்

பாப்பிலரி கேன்சர் என்பது ஒரே குணமுள்ள நோய் அல்ல. செல்கள் அகலத்தைப் போல் மூன்று மடங்கு உயரமாக நின்று, அப்படிப்பட்டவை மொத்தத்தில் 30 சதவீதமாவது இருந்தால் அது உயரச்செல் வகை. ஹாப்னெயில், கொலம்னார் என்ற வகைகளும் உண்டு. இவை மூன்றும் முரட்டு ஜாதி: தைராய்டைத் தாண்டும், திரும்ப வரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடு இன்னொரு கோட்டையும் போட்டது. 2 சதுர மி.மீ. பரப்பில் ஐந்து அல்லது அதற்கு மேல் செல்கள் பிளவுபட்டுக்கொண்டிருந்தால், அல்லது கட்டிக்குள் திசு செத்துப்போயிருந்தால், அது உயர்நிலை ஆபத்துள்ள கேன்சர் என்று தனியே பெயரிட்டது.

அடுத்தது ரத்தக்குழாய் ஊடுருவல். முக்கியமாக ஃபாலிக்குலர் என்ற இன்னொரு வகைத் தைராய்டு கேன்சரில் இதுதான் தீர்ப்பு எழுதும். ஒன்றிரண்டு இடத்தில் ஊடுருவியிருப்பதும் நான்குக்கு மேற்பட்ட இடத்தில் ஊடுருவியிருப்பதும் ஒன்றல்ல. பின்னது ரத்தம் வழியாக எலும்புக்கும் நுரையீரலுக்கும் போகக்கூடியது, முழுத் தைராய்டையும் எடுத்து அயோடின் கொடுக்க வைக்கும்.

நெறிகட்டிகளிலும் எண்ணிக்கையும் அளவும் சேர்ந்தே பேசும். ஐந்துக்குள், ஒவ்வொன்றிலும் 2 மி.மீ.க்குக் குறைவான பரவல் என்றால் 2015 வழிகாட்டி அதைக் குறைந்த ஆபத்தில்தான் வைத்தது. 3 செ.மீ. நெறிகட்டி என்றால் உயர் ஆபத்து. ரிப்போர்ட்டில் 'நெறிகட்டியில் பரவல் உள்ளது' என்று ஒரே வரி எழுதியிருந்தால் இவை இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இரண்டாவது ஆபரேஷனுக்குப் போகக் கூடாது.

தைராய்டைத் தாண்டியதா என்பதிலும் அதே கவனம் வேண்டும். சர்ஜன் கண்ணுக்கே தெரியும்படி தசைக்குள் போயிருப்பது பெரிய விஷயம். மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரியும் லேசான மீறலை 2018 முதல் நடைமுறையில் உள்ள நிலைப்பிரிப்பு (ஸ்டேஜிங்) முறை கணக்கில் சேர்ப்பதில்லை. அதே முறைதான் ஆபத்தைக் கூட்டிக் கணக்கிடும் வயது வரம்பையும் 45லிருந்து 55க்கு ஏற்றியது.

முதல் வழி: ஊசியில் வந்ததே போதும்

எளிது, மலிவு, எங்கும் கிடைக்கும். ஊசி டெஸ்ட் முடிவை பெதெஸ்டா என்ற ஆறு படிகளில் சொல்வார்கள். ஆறாம் படி வந்தால் கேன்சர் என்பது ஏறத்தாழ உறுதி, 97 சதவீதம். ஐந்தாம் படி சந்தேகம். நான்கில் மூன்று பேருக்குத்தான் கேன்சர். மூன்றும் நான்கும் நடுச்சந்தி.

ஆனால் ஊசி சொல்வது 'கேன்சரா' என்பதற்கு விடை. 'எப்படிப்பட்ட கேன்சர்' என்பதற்கு அதனால் விடை சொல்ல முடிவது மிகக் குறைவு. சாத்துக்குடிக்குள் ஊசி போட்டுச் சாறு எடுத்தால் தோல் எங்கே கிழிந்திருக்கிறது என்று தெரியுமா? கட்டியின் உறை உடைந்ததா, ரத்தக்குழாய்க்குள் நுழைந்ததா என்பதெல்லாம் கட்டியின் விளிம்பில் எழுதியிருக்கிற சேதி. ஊசியில் வருவது உள்ளிருந்து உறிஞ்சிய செல்கள். உயரச்செல்கள் கண்ணில் பட்டால், செல்களை ஆராயும் சைட்டாலஜிஸ்ட் குறிப்பிடலாம். 30 சதவீதம் உண்டா என்று எண்ணிச் சொல்ல வழியில்லை.

இந்த வழியில் முடிவெடுப்பது என்றால் உண்மையில் ஊசியை நம்பி எடுப்பது அல்ல, ஸ்கேனை நம்பி எடுப்பது. அதனால் இங்கே மிக முக்கியமான ஆள் ஸ்கேன் பார்ப்பவர். கழுத்தின் பக்கவாட்டு நெறிகட்டிகளையும் சேர்த்துப் பார்த்த முழுக் கழுத்து அல்ட்ராசவுண்ட் இல்லாமல் பாதியா முழுசா என்ற பேச்சையே தொடங்கக் கூடாது. நடுக்கழுத்து நெறிகட்டிகளைத் தைராய்டே மறைத்துக்கொள்வதால் நல்ல ஸ்கேனும் அவற்றில் சிலவற்றை விட்டுவிடும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி: மரபணுவிடம் கேட்பது

இதைப் பற்றித்தான் இணையத்தில் அதிகம் பேச்சு. பி-ராஃப் என்ற மரபணுவில் வி600இ என்ற மாற்றம் இருந்தால் முரட்டுக் கேன்சர், உடனே முழுசாக எடுத்துவிட வேண்டும் என்று பலரும் பயந்துபோய்க் கேட்கிறார்கள். இந்தப் பயத்தை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2013ல் 16 மையங்களிலிருந்து 1,849 பாப்பிலரி நோயாளிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு வந்தது. பி-ராஃப் மாற்றம் இருந்தவர்களில் 5.3 சதவீதம் பேர் இந்த நோயால் இறந்தார்கள், இல்லாதவர்களில் 1.1 சதவீதம். இதோடு நிறுத்தினால் பயம் நியாயம்தான். ஆனால் அதே ஆய்வில், நெறிகட்டிப் பரவல், தைராய்டைத் தாண்டுதல், தொலைவுப் பரவல் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் பி-ராஃப் தனியாக நின்று மரணத்தை முன்னறிவிக்கவில்லை. கெட்ட நடத்தை திசுவிலேயே தெரிகிறது. மரபணு அதன் கூட வருகிறது. இன்னொன்று: இந்த மாற்றம் பாப்பிலரி கேன்சரில் சுமார் பாதிப் பேருக்கு உண்டு. கொரிய நோயாளிகளில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அத்தனை பேரிடமும் இருக்கிற ஒன்றால் யாரைப் பாதியோடு விடலாம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பி-ராஃப் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முழுத் தைராய்டையும் எடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

டெர்ட் என்ற மரபணுவின் முன்பகுதியில் மாற்றம் இருப்பது வேறு கதை. பாப்பிலரியில் பத்தில் ஒருவருக்குத்தான் வருகிறது, பெரும்பாலும் வயதானவர்களிடம். பி-ராஃப், டெர்ட் இரண்டும் சேர்ந்திருந்தால் நோய் திரும்ப வருவதும் உயிருக்கு ஆபத்தும் தெளிவாகக் கூடுகின்றன. ஊசியிலேயே இந்த ஜோடி தெரிந்துவிட்டால், ஸ்கேன் சாதுவாக இருந்தாலும் முழுசாக எடுப்பதற்கு அது வலுவான காரணம். ராஸ் வகை மரபணு மாற்றம் எதிர்ப்பக்கம்: சாதாரணக் கட்டியிலும் இருக்கும், குறைந்த ஆபத்துள்ள கேன்சரிலும் இருக்கும். அது மட்டும் இருந்தால் ஒரு பக்கம் எடுப்பதே அநேகமாகப் போதும்.

இந்தச் சோதனைகள் பெதெஸ்டா மூன்று, நான்கில் நிற்பவர்களுக்குத்தான் உண்மையாகக் கைகொடுப்பவை. தைரோசெக் என்ற மரபணுச் சோதனையின் மூன்றாம் பதிப்பு கேன்சரைப் பிடிக்கும் திறன் 94 சதவீதம், கேன்சர் இல்லை என்பதைச் சரியாகச் சொல்லும் திறன் 82 சதவீதம் என்று 2019ல் வெளியிட்டார்கள். அஃபர்மா என்ற இன்னொரு சோதனைக்கு 91, 68 சதவீதம். கேன்சர் இல்லை என்று வந்தால் ஆபரேஷனையே தவிர்க்கலாம், அது பெரிய லாபம். ஆனால் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள இந்தச் சோதனைகள் நம் பக்கத்து நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதவை. பி-ராஃப் மட்டும் இங்கேயே பல லேப்களில் பார்க்கலாம். ஆறாம் படி ஏற்கெனவே வந்துவிட்ட ஒருவர் அதற்காகத் தனியே செலவழிப்பதால் ஆபரேஷன் முடிவில் பெரும்பாலும் எதுவும் மாறாது.

மூன்றாவது வழி: ஆபரேஷன் மேஜையிலேயே

நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே எடுத்த துண்டை உறையவைத்து, சீவி, சாயமேற்றி, அரைமணி நேரத்துக்குள் பேத்தாலஜிஸ்ட் பதில் சொல்வதை ஃப்ரோசன் செக்‌ஷன் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது: ஒரே மயக்கத்தில் பதிலும் கிடைத்துவிடும், தேவையென்றால் மறுபக்கத்தையும் எடுத்துவிடலாம்.

தைராய்டில் இது ஏமாற்றும். பாப்பிலரி கேன்சரை அடையாளம் காட்டுவது செல்லின் உட்கருவின் தோற்றம். உறையவைக்கும்போது பனிப்படிகம் அதையே கெடுத்துவிடும். ஃபாலிக்குலர் கட்டியில் உறை முழுவதையும் சுற்றிச்சுற்றிப் பார்க்க வேண்டும். அரைமணி நேரத்தில் ஒன்றிரண்டு துண்டுதான் பார்க்க முடியும். அதில் ஊடுருவல் இல்லையென்றால் கட்டியிலேயே இல்லை என்று பொருளாகாது. 'தெரியவில்லை, முழு ரிப்போர்ட்டுக்குக் காத்திருங்கள்' என்பதே பல நேரம் பதில்.

ஓர் இடத்தில் மட்டும் இது நன்றாக வேலை செய்கிறது: நெறிகட்டி. கட்டி இருக்கும் பக்கத்தில் சர்ஜன் கைக்கு ஒரு நெறிகட்டி கடினமாகவோ கறுத்தோ தட்டுப்பட்டால், அதை எடுத்து உடனே பார்க்கச் சொல்லலாம். நெறிகட்டிக்குள் தைராய்டு செல் இருக்கிறதா என்பது உறைந்த துண்டிலும் பளிச்சென்று தெரியும். பெரிய பரவல் என்று வந்தால் அங்கேயே திட்டத்தை மாற்றுவது நியாயம். இந்த அனுமதியை ஆபரேஷனுக்கு முன்பே நோயாளியிடம் பேசி வாங்கியிருக்க வேண்டும். மயக்கத்திலிருந்து எழுந்தபின் 'முழுசா எடுத்துட்டோம்' என்று கேள்விப்படுவது கொடுமை.

நான்காவது வழி: ஒரு பக்கம் முதலில், தீர்ப்பு பிறகு

கட்டி முழுசாக மேஜைக்கு வந்துவிட்டது. ஃபார்மலினில் பதப்படுத்தி, உறையைச் சுற்றிலும் துண்டுபோட்டு, மெழுகில் பதித்து, நிதானமாகப் பார்க்கிறார்கள். மேலே சொன்ன அத்தனை குணங்களுக்கும் விடை இங்கேதான் முழுசாகக் கிடைக்கும். சுமார் ஒரு வாரம் ஆகும்.

2016ல் நடந்த ஒரு மாற்றம் இந்த வழியின் மதிப்பை எனக்கு உறுதிப்படுத்தியது. ஊசியில் பாப்பிலரி போலவே தோன்றும், ஆனால் உறைக்குள் முழுக்க அடங்கி, எங்கும் ஊடுருவாத ஃபாலிக்குலர் அமைப்புள்ள ஒரு வகைக் கட்டியை உலகின் பல நாட்டு நிபுணர்கள் மறுபடி ஆராய்ந்தார்கள். அப்படிப்பட்ட 109 பேரை 10 முதல் 26 ஆண்டுகள் வரை கவனித்ததில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. அதனால் கேன்சர் என்ற பெயரையே அதிலிருந்து நீக்கி, நிஃப்ட்பி என்று புதுப்பெயர் வைத்தார்கள். ஊசி இதைக் கேன்சர் சந்தேகம் என்றே காட்டும். உறை முழுவதையும் பார்த்தால்தான் உண்மை வெளிவரும். ஊசி ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முழுத் தைராய்டையும் எடுத்தவருக்கு இந்தச் சேதி, இனிப் பயனில்லாத வேளையில் வந்து சேர்கிறது. ஒரு பக்கம் மட்டும் எடுத்தவருக்கு அதுவே சிகிச்சையின் முடிவு.

இந்த வழியின் பலவீனம் எல்லாருக்கும் தெரிந்ததே: இரண்டாவது ஆபரேஷன். 1 முதல் 4 செ.மீ. கட்டிகளில் ரிப்போர்ட்டைக் கறாராகப் படித்தால் பத்தில் நான்கு பேர் வரை மறுபக்கத்தையும் எடுக்க வேண்டியிருக்கும் என்று காட்டிய ஆய்வு உண்டு. பயமுறுத்தும் எண்தான். ஆனால் 'கறாராகப் படித்தால்' என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றிரண்டு நெறிகட்டியில் நுண்பரவல், மைக்ராஸ்கோப் மீறல் போன்ற மென்மையான காரணங்களையும் அந்த எண் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. அயோடின் தேவையா என்ற கேள்வியும் இதில் கலந்திருக்கிறது. அதற்கும் தேவை குறைந்துகொண்டு வருகிறது. பிரான்ஸில் 776 குறைந்த ஆபத்து நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அயோடின் கொடுத்தும் மறுபாதிக்குக் கொடுக்காமலும் பார்த்து 2022ல் வெளியிட்டார்கள். மூன்று ஆண்டில் பிரச்சினை இல்லாமல் இருந்தவர்கள் 95.9 சதவீதமும் 95.6 சதவீதமும். அயோடின் கொடுக்கவேண்டும், அதற்காக மறுபக்கமும் போகவேண்டும் என்ற பழைய வாதம் இந்தக் கூட்டத்தினருக்கு வலுவிழந்துவிட்டது.

இரண்டாவது ஆபரேஷனே வந்தாலும் அதில் யாரும் அதிகம் சொல்லாத ஓர் அனுகூலம் உண்டு. முதல் ஆபரேஷனில் சர்ஜன் மறுபக்கத்தைத் தொடாமல் விட்டிருந்தால் அங்கே தழும்பு இருக்காது, புதிய கழுத்து மாதிரியே வேலை செய்யலாம். நடுவில் குரல்நாண்களைக் கேமராவில் பார்த்து, முதல் பக்கத்து நரம்பு நலமாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டே அடுத்த பக்கத்துக்குப் போகலாம். ஒரே நாளில் இரு பக்கமும் எடுக்கும்போது, நரம்பைக் கண்காணிக்கும் கருவி இல்லையென்றால், இந்த உறுதி கிடைக்காது. கருவி வைத்திருப்பவர்கள்கூட முதல் பக்கத்தில் சிக்னல் நின்றுபோனால் மறுபக்கத்தை ஒத்திப்போடுகிறார்கள்.

பின்தொடர்தலில் ஒரு சிரமம் உண்டு. முழுசாக எடுத்தவருக்குத் தைராய்டு செல்கள் உண்டாக்கும் தைரோகுளோபுலின் ரத்தச் சோதனையில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்; ஏறினால் உடனே தெரியும். பாதி வைத்திருப்பவருக்கு அந்த எண் அவ்வளவு தெளிவாகப் பேசாது. கழுத்து ஸ்கேனை முறையாகச் செய்துகொண்டே போக வேண்டும்.

யாருக்கு எது

முப்பது, நாற்பது வயதில், மறுபக்கம் சுத்தமாக, தைராய்டு அளவு இயல்பாக இருக்கிறவருக்கு ஒரு பக்கம் முதலில் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. பாடுகிறவர்கள், வகுப்பெடுக்கிறவர்கள், மேடையில் பேசிப் பிழைப்பவர்கள் இன்னும் ஒரு படி மேல். உச்சஸ்தாயிக்கு உதவும் மேல்நரம்பின் கிளை ஒன்று தைராய்டின் மேல்முனையை ஒட்டிப் போகிறது. ஒரு பக்கத்தோடு நிறுத்தினால் மறுபக்கத்தில் அது தப்பிக்கும்.

மறுபக்கத்திலும் சந்தேகக் கட்டிகள் இருந்தால், குடும்பத்தில் தைராய்டு கேன்சர் இருந்தால், சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு வாங்கியிருந்தால் முழுசாகப் போவது நல்லது. ஏற்கெனவே முழு அளவில் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பாதியைக் காப்பாற்றுவதால் சுரப்பு லாபம் இல்லை. பாராதைராய்டையும் நரம்பையும் காப்பாற்றும் லாபம் மட்டும் மிச்சம்.

மருத்துவம் மட்டும் முடிவு செய்யாத ஒரு கூட்டமும் உண்டு, அவர்களை நினைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். கிராமத்திலிருந்து இரவு பஸ் ஏறி வந்து, கூலியை விட்டு, கடன் வாங்கி ஆபரேஷனுக்குப் படுப்பவர்கள். அவர்களுக்கு 'ஒரு வாரத்தில் ரிப்போர்ட், தேவையென்றால் மறுபடி அட்மிட்' என்பது லேசான சொல் அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வரமாட்டார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தால், முழுசாக எடுத்துவிடுவதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதன் மறுபக்கத்தையும் அவருக்குச் சொல்ல வேண்டும்: முழுசாக எடுத்தவர் மாத்திரையை ஒருநாளும் நிறுத்த முடியாது, கால்சியம் இறங்கினால் ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தொலைவில் இருப்பவருக்கு அதுவும் பாரம்தான். மருத்துவக் காப்பீட்டில் இரண்டாவது ஆபரேஷனுக்கும் இடம் உண்டா என்பதை முதல் ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த ஒரு பதில் பல குடும்பங்களின் முடிவை மாற்றும்.

நான்காவது வழியைத் தேர்ந்தெடுப்பவர், எந்த ரிப்போர்ட் வந்தால் மறுபக்கத்தை எடுப்பார்கள், எது வந்தால் விட்டுவிடுவார்கள் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடம் பேசி முடித்துவிடுவது நல்லது. ரிப்போர்ட் வந்த பதற்றத்தில் பேசினால் பயம்தான் ஜெயிக்கும். ரிப்போர்ட்டில் கட்டியின் அளவு, வகை, உயரச்செல் சதவீதம், செல் பிளவு எண்ணிக்கை, திசு இறப்பு, ரத்தக்குழாய் ஊடுருவல் எத்தனை இடத்தில், தைராய்டைத் தாண்டியது கண்ணுக்கா மைக்ராஸ்கோப்புக்கா, ஓரம் சுத்தமா, நெறிகட்டி எத்தனையில் எத்தனை, பெரிய பரவல் எத்தனை மி.மீ. ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் லேபுக்குத் திருப்பி அனுப்பிச் சேர்த்து எழுதித் தரக் கேட்கலாம். நல்ல பேத்தாலஜிஸ்ட் கோபித்துக்கொள்ளமாட்டார்.

ரிப்போர்ட் இரண்டுங்கெட்டானாக இருந்தால் இரண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன் ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் வாங்கி, தைராய்டு அதிகம் பார்க்கும் இன்னொரு பேத்தாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். மும்பை டாட்டா மெமோரியல் போன்ற பெரிய கேன்சர் மருத்துவமனைகள் வெளியிலிருந்து வரும் ஸ்லைடுகளை மறுபார்வை செய்கின்றன. குறைந்த ஆபத்துள்ள பாப்பிலரியில் சில வாரம் காத்திருப்பதால் நோய் ஓடிப்போய்விடாது. அந்தச் சில வாரத்தில் வரும் மறுபதில், கழுத்தை மறுபடி திறக்க வேண்டுமா வேண்டாமா என்பதை மாற்றக்கூடியது.